வேகாத ரொட்டியின் சத்தம்

நவம்பர் 14, வெள்ளி. நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. ரொட்டி மேஸ்திரி வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் மூன்று போர்வைகள் தொங்குவதாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்று இல்லை. இரண்டு போர்வை, ஒரு மாவுச் சாக்கு. தெருவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் சாக்கின் தையல் தெரிந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தச் சாக்கு ஏன் அங்கே வந்தது என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

மேஸ்திரி இரவெல்லாம் பேக்கரியில் அடுப்பு முன்னால் நிற்பவர். ஊர் பல் தேய்க்கும் நேரத்தில் வீட்டுக்கு வருவார். புருவத்தில் மாவு இருக்கும். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். குளித்துவிட்டு உட்கார்ந்தால் சுடுசோறும் முட்டையும் போதும். ரொட்டியை மட்டும் அவர் கண்ணில் காட்டக்கூடாது.

"ராத்திரி பூரா அதோட மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். வீட்லயுமா?" என்பார்.

சாப்பிட்டதும் படுத்துவிடுவார். அதன் பிறகு வீட்டில் சத்தம் என்று ஒன்று இருக்கக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி பழகிக்கொண்டது இது. குக்கர் விசில் அடிக்கிற சமையலையெல்லாம் அவர் வருவதற்கு முன்பே முடித்துவிடுவாள். பாத்திரத் தொட்டியில் துணியை விரித்துப் போட்டுத்தான் துலக்குவாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடுவாள். கட்டிக் கொடுத்த மகள் எப்போதாவது வந்தால், வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, உன் வீட்டுக்கு வர்றதும் ஆஸ்பத்திரிக்கு வர்றதும் ஒண்ணுதான். பழம் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்பாள். அம்மா அதற்கும் சத்தமில்லாமல்தான் சிரிப்பாள்.

அந்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்டுத் தளம் உண்டு. எதற்காகப் போட்டார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. துணி காயும், நாய்கள் படுத்திருக்கும். பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருநாள் அங்கே சாக்கட்டியால் கோடு கிழித்து, நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வலையைக் கட்டினார். மகன் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லி நாலு மட்டைகளையும், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்தையும் கொண்டுவந்தார். பிக்கிள்பால் என்றார். டென்னிஸும் மேசைப்பந்தும் கல்யாணம் பண்ணிப் பெற்ற பிள்ளை என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். அவரும் மருந்துக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஆடினார்கள்.

சிரித்தவர்கள்தான் அடுத்து வந்தார்கள். அதிகம் ஓட வேண்டியதில்லை. முழங்கால் தேய்ந்தவரும் ஆடலாம். தோற்றாலும் கொஞ்ச நேரத்தில் அடுத்த ஆட்டம் வந்துவிடும். ஆட வருகிறவர்கள் தங்கள் மட்டையைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்க வேண்டும், அதுதான் முறை. முதலில் நாலைந்து மட்டைகள் நின்ற சுவரில், ஒரு வருஷத்துக்குள் வரிசை மூலை திரும்பியது. காலையிலிருந்து உச்சி வெயில் வரை ஆட்டம். கண்டக்டர் புள்ளிகளைப் பஸ் நிறுத்தம் சொல்கிற குரலில் அறிவிப்பார்.

"எட்டு, ஆறு, ரெண்டாவது சர்வ்! ஏறுறவங்க ஏறு, எறங்குறவங்க எறங்கு!"

மேஸ்திரியின் மனைவியை இழுத்துப் போனது எதிர்வீட்டுத் தையற்காரி. "வாங்கக்கா. வீட்ல உக்காந்து செவுத்தையே பாத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? அண்ணன்தான் தூங்குறாரே, அவரு உங்களைத் தேடவா போறாரு?" என்றாள். புது மட்டை வாங்கியிருந்ததால் தன் பழையதை இவள் கையில் திணித்தாள். நடுக்காலையில் பெண்கள் ஆட்டம். முதல் நாள் பந்து அவள் மட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் பட்டது. நாலாம் நாள் வலைக்குப் பக்கத்தில் மெத்தென்று ஒரு பந்தைத் தட்டிப் போட்டாள். மருந்துக்கடைக்காரர் மனைவியால் எட்டியும் அதை எடுக்க முடியவில்லை. இவளுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலையை ஒட்டிய பட்டைக்குக் கிச்சன் என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் விழாத பந்தை அடிக்கக்கூடாது. தையற்காரி சொன்னாள்: "பாத்துக்குங்கக்கா, வீட்டுக் கிச்சன்ல சத்தம் போடக்கூடாது, இந்தக் கிச்சன்ல கால் வைக்கக்கூடாது. பொம்பளைக்கு எங்க போனாலும் ஒரு சட்டம்."

இதைக் கணவரிடம் மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சொல்வதற்கு வேளை அமையவில்லை, அவ்வளவுதான். அவர் எழுந்து தேநீர் குடித்து, மாலைச் சாப்பாட்டை முடித்துக் கிளம்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டு வாடகை, மகள், மேற்கூரைக் கசிவு என்று பேச ஏதாவது இருக்கும். பிறகு சொல்லலாம் என்று இருந்தாள். பிறகு, சொல்ல முடியாமல் போய்விட்டது.

ஒரு மாலை அவர் கண் சிவந்து எழுந்து வந்து நாற்காலியில் விழுந்தார்.

"தூங்கலையா?"

"எங்க தூங்குறது. டொக்கு டொக்குன்னு. மண்டைக்குள்ள ஆணி அடிக்கிறாப்ல."

"ஜன்னலைச் சாத்தினேனே."

"சாத்தினா? அந்தப் பந்துச் சத்தம் செவுத்துக்குள்ள பூந்து வருது." தேநீரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. "எல்லாச் சத்தமும் கூடப் பரவால்ல. அதுல ஒரு பேட்டு இருக்கு பாரு. அது மட்டும் பொத்துன்னு கேக்குது."

"பொத்துன்னா?"

"ரொட்டிய எடுத்துக் கவுத்து அடியில தட்டிப் பாப்போம்ல. வெந்திருந்தா டொக்குன்னு கேக்கும், உள்ள காலியா. வேகலைன்னா பொத்துன்னு கேக்கும். அந்தச் சத்தம். மத்த எதுக்கும் நான் முழிக்க மாட்டேன்னு வச்சுக்க. அது கேட்டா, கை தானா எந்திரிச்சு ரொட்டியத் திருப்பி அடுப்புல தள்ளப் போகுது. இன்னைக்கு எந்திரிச்சு செவுத்துல இடிச்சுக்கிட்டேன்."

விரல் முட்டியைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது.

அவள் மருந்து எடுக்க உள்ளே போனாள். தையற்காரி கொடுத்த மட்டை அலமாரிக்குப் பின்னால், மடித்த துணிகளுக்கு நடுவே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு விரலால் அதைத் தட்டிப் பார்த்தாள். பொத். இன்னொரு இடத்தில் தட்டினாள். அங்கேயும் பொத். உள்ளே ஒட்டு என்னவோ விட்டுப்போயிருந்தது. பழைய மட்டை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் ஆடப் போகவில்லை. தலைவலி என்று தையற்காரிக்குச் சொல்லி அனுப்பினாள். மாலையில், "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டாள்.

"அந்தச் சத்தம் இல்ல. ஆனா வரும் வரும்னு காத்துக்கிட்டே கெடந்தேன்" என்றார் அவர்.

அந்த வாரம்தான் உப்பு விட்டுப்போனது. இத்தனை வருஷத்தில் மேஸ்திரி கைக்கு உப்பு மறந்ததில்லை. தூக்கக் கலக்கத்தில் ஒரு மாவுக்கு மறந்தார். அதுவும் நன்றாக உப்பி, நன்றாகச் சிவந்து, பார்க்க லட்சணமாகத்தான் வந்தது. கடைகளுக்குப் போனது. வாயில் வைத்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி சத்தம் போடவில்லை. மூட்டையாகத் திரும்பி வந்த ரொட்டியைக் காட்டி, "வயசாகுது மேஸ்திரி. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அடுப்பை வேற ஆளுகிட்ட விட்டுடுவேன். நீங்க பகல்ல வந்து பொட்டலம் கட்டுற மேசைல உக்காருங்க. உக்காந்த வேலை, உங்களுக்கும் நல்லது" என்றார்.

இதை வீட்டில் சொல்லும்போது மேஸ்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பொட்டலம் கட்டச் சொல்றாரு. நான் சுட்டதுக்கு நானே பேப்பர் சுத்தணுமாம். அதுவும் இன்னொருத்தன் சுட்டதுக்கு." முன்னுக்குப் பின் முரணாக இருந்தது அந்தப் பேச்சு. அவருக்கே அது தெரிந்து நிறுத்திவிட்டார்.

பிறகு எழுந்து போய், வீட்டில் காலியாகக் கிடந்த மாவுச் சாக்கை எடுத்துவந்து, போர்வைகளின் மேல் ஜன்னலில் ஆணியடித்து மாட்டினார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. ஆணி அடிக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? நான்தான் அந்தப் பொத் என்றா?

மறுநாள் காலை அவர் படுத்ததும் அவள் தளத்துக்குப் போனாள், மட்டை இல்லாமல். அன்று காற்று. ஓட்டைப் பந்து கண்டக்டர் அடித்த பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு விஷயம்."

"சொல்லும்மா தங்கச்சி. சீட்டு வேணுமா, பாஸா?"

"ஆட்டத்தை உள்ளுக்குள்ள மாத்திக்கலாம்ணே. மூணாவது தெருவுல நாற்காலிக் கடைக்காரரு கிடங்கு இருக்குல்ல. உயரமான கூரை. தரை வழவழன்னு இருக்கு. கேட்டுப் பாத்தேன்."

உண்மையில் அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை. இங்கிருந்து நேராகப் போய்க் கேட்பதாக இருந்தாள்.

கண்டக்டர் மட்டையால் முதுகைச் சொறிந்தார். "உள்ளுக்குள்ளயா? வெளிக்காத்து வாங்கத்தானேம்மா வர்றோம். டாக்டரே சொல்லியிருக்காரு."

"காத்து உங்க பந்தையில்ல வாங்கிட்டுப் போகுது. இப்ப அடிச்சீங்களே, எங்க போச்சு?"

"அது… குறி தப்பிருச்சு."

"பத்து மணியானா மேற்குப் பக்கம் நிக்கிறவங்களுக்குக் கண்ணுல வெயிலு. பந்தும் தெரியல, வலையும் தெரியல. போன மழைக்கு எத்தனை நாள் சும்மா இருந்தோம்? காலைல பனி ஈரத்துல வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கிட்டது யாரு, நானா?"

தையற்காரி குறுக்கே வந்தாள். "அக்கா சொல்றது சரிதாண்ணே. அன்னைக்கு நீங்க விழுந்தப்ப பாத்தவங்களுக்கு ஒரு வாரம் சிரிப்பு அடங்கல. உள்ள ஆடினா கால் வழுக்காது, மூஞ்சி கறுக்காது. ராப்பகல், மழை வெயிலுன்னு கவலை இல்ல."

"மூஞ்சி கறுக்குறதுக்கு எனக்கு இனிமே எங்க இடம் இருக்கு?" என்றார் கண்டக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லு தங்கச்சி. மேஸ்திரி எதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

அவள் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். "அவருக்குத் தூக்கம் இல்லண்ணே. உப்பு போட மறந்துட்டாரு" என்றாள்.

உப்பு என்றதும் எல்லோருக்கும் விளங்கியது. அந்த ரொட்டியை அவர்களும் தின்றவர்கள்தான். கண்டக்டர் வலையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா. நாங்க என்ன மனுசங்க இல்லையா?" என்றார் வலையைப் பார்த்தபடி.

கிடங்குக்காரர் சம்மதித்தார். கூட்டிப் பெருக்கி, எரியாத விளக்குகளை மாற்றிக்கொண்டால் போதும் என்றார். ஒரே ஒரு சங்கடம். மதியம் வரை நாற்காலி ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கும். சாயங்காலம்தான் இடம் கிடைக்கும். அதாவது மேஸ்திரி விழித்து, சாப்பிட்டுக் கிளம்புகிற நேரம். நாள் முழுவதிலும் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருக்கிற நேரம் அது ஒன்றுதான். அவள் சரி என்று சொல்லிவிட்டு வீடுவரை மெதுவாக நடந்தாள். ஆட்டம் இங்கிருந்து போனால் போதும். நான் ஆடாவிட்டால் என்ன என்று ஓர் அடி வைக்கையில் நினைத்தாள். அடுத்த அடியில், ஏன் ஆடக்கூடாது என்று நினைத்தாள். எதையும் முடிவு செய்யத் தெம்பில்லை.

புதன்கிழமை கிடங்கைக் கூட்டினார்கள். மரத்தூள் அள்ள அள்ள வந்தது. நாற்காலிகளை ஒரு பக்கமாக அடுக்கி, விற்காமல் கிடந்த, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா ஒன்றைச் சுவரோரம் தள்ளினார்கள். தையற்காரி அளவு நாடாவைப் பிடிக்க, மருந்துக்கடைக்காரர் முட்டிபோட்டு மஞ்சள் பட்டையை ஒட்டினார். "இடுப்பளவு சரியா எடும்மா, அப்புறம் கோர்ட்டு இறுக்கிப் பிடிக்கப் போகுது" என்றார் கண்டக்டர். முதல் பந்தை அவரே போட்டார். அது நேராகப் போனது. இன்னொன்று போட்டார். அதுவும் நேராகவே போனது. வருத்தமான குரலில், "இனிமே தப்பா அடிச்சா காத்து மேல பழி போட முடியாது போலிருக்கே" என்றார்.

அதே புதன் பகலில் தளம் காலியாகக் கிடந்தது. நாய்கள் திரும்பி வந்திருந்தன. மேஸ்திரியின் மனைவி கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வியாழனும் அப்படியே.

"இன்னைக்குந்தான் ஒரு சத்தமும் இல்லையே" என்றாள் மாலையில்.

"இல்ல. அதான் என்ன ஆச்சுன்னு தெரியல. வேகாத ரொட்டி எங்கயோ அடுப்புக்கு வெளிய கெடக்குற மாதிரியே இருக்கு. போய்த் தேடணும்போல."

அவர் அதைப் பகடியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே களைத்திருந்தார். அன்று அவளும் கிடங்குக்குப் போகவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னைக்கு நெனப்பா உப்பு போட்டுடுவேன்" என்றார், அவள் கேட்டதுபோல.

இன்று வெள்ளி. சோற்றை வடித்து, முட்டையும் கீரையும் செய்து மூடி வைத்துவிட்டு, அவர் எழுவதற்குள் கொஞ்சம் போய் வரலாமென்று அவள் கிடங்குக்குப் போனாள். துணிகளுக்கு நடுவிலிருந்து மட்டையையும் எடுத்துக்கொண்டாள். வேறு மட்டை அவளிடம் இல்லை.

உள்ளே கதவைச் சாத்தி ஆடும்போது சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. ஆனால் வெளியே தெருவில் அவ்வளவாகக் கேட்கவில்லை. அவளும் தையற்காரியும் ஒரு பக்கம். கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும் மறுபக்கம். கண்ணில் வெயில் இல்லை. பந்து இங்கேதான் வரும் என்று நம்பி நிற்க முடிந்தது. கண்டக்டர் வேகமாக அடித்த பந்தை அவள் கிச்சனுக்குள் மெத்தென்று இறக்கினாள். அவர் பாய்ந்து வந்து வலையை மூக்கால் தொட்டார்.

"கடைசி ஸ்டாப்பு! எறங்குங்கண்ணே!" என்று தையற்காரி கத்தினாள்.

மேஸ்திரியின் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளக் கை எழுந்தது, அதில் மட்டை இருந்தது. எனவே முழுச் சிரிப்பும் வெளியே வந்து கூரை வரை போனது.

அப்போதுதான் கதவருகே மேஸ்திரி நிற்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கையில் வேலைக்குக் கொண்டுபோகும் பை.

"வீட்ல ஆளக் காணோம். எதிர்வீட்ல கேட்டேன், இங்கன்னாங்க" என்றார்.

ஆட்டம் நின்றது. அவள் மட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். செய்யும்போதே அது சிறுபிள்ளைத்தனம் என்று தெரிந்தது. அவர் கிட்டே வந்து கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். காதருகே தூக்கி, விரல் முட்டியால் ஒருமுறை தட்டினார்.

பொத்.

"நீதானா?"

"ஆமாங்க."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா. நீங்க சொன்னப்புறம்தான் தெரியும், சத்தியமா. அப்புறம் சொல்ல வாய் வரல."

"உப்பு விட்டுப் போச்சுன்னு நான் அங்க நிக்கிறேன், தல குனிஞ்சுக்கிட்டு. நீ ஒரு வார்த்த…"

"சொல்லியிருக்கணும். எப்பச் சொல்றதுங்க? நீங்க தூங்குறப்ப நான் பேசக்கூடாது. முழிச்சா, போற அவசரம். வீட்ல நான் சத்தமாத் தும்மி எத்தன வருசமாச்சு?"

அவள் குரலும் கூரை வரை போய்த் திரும்பியது. தையற்காரி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினாள். கண்டக்டர் நாற்காலி அடுக்கை எண்ணுவதுபோல் நின்றார்.

மேஸ்திரி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படத் தேவையான தெம்பைத் தேடுவதுபோல் இருந்தது. கிடைக்கவில்லை போலும்.

"உள்ள விட்டுப் போச்சு இது" என்றார். "இதுல போய் எப்படி ஆடுற?"

"மெதுவா தட்டினா நல்லாத்தான் வருது."

"ம்." திருப்பிக் கொடுத்தார். "நேரம் இருக்கு. ஆடு. செத்த உக்காந்துட்டுப் போறேன்."

சோபாவில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிறீச்சென்றது. கண்டக்டர் தயங்கி, தாழ்ந்த குரலில், "ஏழு, அஞ்சு" என்றார். பந்து எழும்பியது. டொக். டொக். அவள் முறை வந்தது. பொத். ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கை எழவில்லை. மடியில் அப்படியே கிடந்தது.

இன்னும் நாலைந்து பந்துகள் போயின. தையற்காரி மட்டையால் இவள் முழங்கையை இடித்துச் சுவர்ப் பக்கம் கண்ணைக் காட்டினாள். மேஸ்திரியின் தலை சோபாவின் மேல்விளிம்பில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பை காலருகே சரிந்து கிடந்தது.

"நிறுத்திடுவோமா தங்கச்சி?" என்று கிசுகிசுத்தார் கண்டக்டர்.

அவள் யோசித்தாள். "வேண்டாம்ணே. போடுங்க" என்றாள்.

ஆடினார்கள். யாரும் குரலை அடக்கவில்லை. சரியாகச் சொன்னால், முதலில் அடக்கினார்கள், பிறகு மறந்துபோனார்கள். பந்து ஒருமுறை சோபாவின் காலில் பட்டுத் தெறித்தது. அவர் அசையவில்லை. ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மங்கி, கூரை விளக்குகள் மட்டும் நின்றன. அவள் நன்றாக ஆடவில்லை. ஒரு கண் பந்திலும் ஒரு கண் அவர் மார்பு ஏறி இறங்குவதிலும் இருந்தது. தோற்றார்கள். தையற்காரி குறை சொல்லவில்லை.

பேக்கரிக்கு நேரமாகிவிட்டது. அவள் சோபாவின் முன்னால் போய் நின்றாள். கல்யாணமானதிலிருந்து அவரை எழுப்பாமல் இருப்பதே வேலையாக இருந்தவளுக்கு, எழுப்புவது எப்படி என்று உடனே பிடிபடவில்லை. தோளைத் தொடலாமா என்று கை நீட்டி, இழுத்துக்கொண்டாள். பிறகு மட்டையைத் திருப்பிப் பிடித்து, அவர் காதருகே விரலால் தட்டினாள்.

பொத்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"வேகல" என்றாள். "அடுப்புல தள்ளணும். எந்திரிங்க, நேரமாச்சு."

மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "சாப்பிடலையே நான்" என்றார்.

"மூடி வச்சிருக்கேன். வீட்டு வழியாத்தானே போகணும், வாங்க."

இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவர் பையை அவள் வாங்கிக்கொண்டாள். தெருவில் நடக்கும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் கண்டக்டர் எதுக்கு அப்படிக் கத்துறான்?" அவள் பதில் சொல்வதற்குள் மழை தூற ஆரம்பித்தது. இருவரும் கொஞ்சம் எட்டி நடந்தார்கள்.

அவள் நாளைக்கென்று வைத்திருக்கும் வேலை: காலையில் ஜன்னலிலிருந்து மாவுச் சாக்கைக் கழற்றி, உதறி, துவைத்துக் காயப்போடுவது. போர்வை இரண்டும் இப்போதைக்கு இருக்கட்டும்.